அண்ணன் அனுப்பிய கையெழுத்துகள்

திருச்சுழி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொடுக்கிறவன் நான். வீடு அருப்புக்கோட்டையில். காலை எட்டரை பஸ்ஸில் போனால் சாயங்காலம் திரும்பிவிடுவேன். எனக்குப் பாடத் தெரியாது, எந்த வாத்தியத்தையும் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், இசையமைக்கிறவர்கள் கையெழுத்துப் போட்ட படங்களையும், அவர்கள் கைப்பட எழுதிய இசைத்தாள்களையும் சேர்க்கிற கிறுக்கு பத்தாம் வகுப்பிலிருந்து இருக்கிறது.

அந்த வருஷம் சென்னையில் இருந்த ஒரு இசையமைப்பாளருக்கு லெட்டர் போட்டேன். எட்டு மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே அவருடைய படம். தோள்பட்டையின் மேல் நீல மையில் கையெழுத்து. அத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு என்னடா செய்யப் போற?" என்றார். அண்ணன்தான் அன்று மாலையே பஜாருக்குப் போய், கல்யாணப் படம் ஒட்டுகிற பெரிய ஆல்பம் ஒன்றை வாங்கிவந்து என் முன்னால் போட்டான். ஒரே ஒரு படத்துக்கு அவ்வளவு பெரிய ஆல்பமா என்று கேட்டேன். "இனிமே வரும்ல" என்றான்.

அவன் சொன்ன மாதிரியே வந்தது. லெட்டரோடு என் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவரும் வைப்பேன். படம் மடங்காமலிருக்க இரண்டு அட்டைத் துண்டுகளும் வைப்பேன். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு மூன்று பேர் பதில் போடுவார்கள். நாயனக்காரர் ஒருவர் கோயில் அழைப்பிதழின் பின்பக்கம் ஒரு ராகத்தின் ஸ்வரங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வில்லுப்பாட்டுக்கார அம்மா ஒருவருக்கு எழுதத் தெரியாது. படத்தின் கீழே கைநாட்டு வைத்து அனுப்பியிருந்தார். சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்த ஒருவர், ஒரு பாட்டின் வயலின் பகுதி எழுதிய தாளையே கொடுத்தார். ஐந்து கோடுகளின் மேல் கறுப்புப் பொட்டுகள். ஓர் இடத்தில் மட்டும் இசையமைப்பாளர் பென்சிலால் "இங்கே மெதுவாக" என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு வார்த்தைக்காக அந்தத் தாளை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். கல்யாணம் முடிந்து மறுவருஷம் துபாய்க்குப் போனான். பெரிய கட்டடங்களில் ஏசி காற்றுப் போகிற தகரக் குழாய்களைப் பொருத்துகிற வேலை. புறப்படுகிற அன்று வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏலே, உனக்கு என்ன வேணும், சொல்லு."

"அங்க பாட்டுக் கச்சேரிக்கு இங்கருந்து பெரிய பெரிய ஆளுகள்லாம் வாராகளாம் அண்ணே. யாராவது ஒருத்தரு கையெழுத்து வாங்கிட்டு வா. போதும்."

"ப்பூ, இம்புட்டுத்தானா" என்றான்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் ஒரு கவர் கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே நாடறிந்த பாடகர் ஒருவரின் படம். கீழே "தம்பிக்கு அன்புடன்" என்று எழுதிக் கையெழுத்து. வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு லீவு. அன்றைக்குத்தான் போன் பண்ணுவான். நான் ஹலோ கூடச் சொல்லவில்லை. "எப்படிண்ணே வாங்குன?" என்றேன்.

அவன் நிதானமாகச் சொன்னான். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனானாம். பாடகர் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். எந்த ஊரு என்று கேட்டாராம். அருப்புக்கோட்டை என்றதும், அங்கே ஒரு தடவை பொருட்காட்சிக்கு வந்து பாடியிருக்கிறேன், கடும் வெயில் என்றாராம். அன்று பாடிய பாட்டுகளை வரிசையாகச் சொன்னான். எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் அதிகம், எந்தப் பாட்டில் மைக் மக்கர் பண்ணியது என்பதுவரை சொன்னான். திங்கட்கிழமை நான் அதைத் திருச்சுழி பஸ்ஸில் ஒருவரிடம், டீக்கடையில் ஒருவரிடம், பத்திரம் பதிய வந்த ஆட்களிடம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருஷத்தில் அப்படிப் பதினொரு படம் வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை. இந்த அம்மா அவனிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அந்த இசையமைப்பாளர் அவன் தோளில் கைபோட்டார். ஆல்பத்தில் முன் பக்கங்களை அந்தப் பதினொன்றுக்கே ஒதுக்கினேன். நானாக லெட்டர் போட்டு வாங்கியவை எல்லாம் பின்னால் போயின.

என்னிடம் இருப்பதைக் கேள்விப்பட்டு நூலகத்தில் கூப்பிட்டார்கள். மாடி ஹாலில் மூன்று நாள் கண்காட்சி வைக்கலாம் என்றார்கள். மேசைகளை வரிசையாகப் போட்டு, கண்ணாடித் தாள் உறையில் ஒவ்வொன்றாக வைத்தேன். தன் பாட்டுத் தாளைத் தந்த வயலின்காரரையும் அழைத்திருந்தேன். அப்போது அவர் மதுரையில் மகள் வீட்டில் இருந்தார். எழுபது தாண்டிய வயதிலும் காரியாபட்டி வழியாகப் பஸ் பிடித்து வந்துவிட்டார்.

தன் தாளைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம். "என் வீட்ல இருந்திருந்தா கரையான்தான் தின்னுருக்கும்" என்றார். நான் அவரை முதல் மேசைக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் அனுப்பியவற்றைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு வந்தேன். ஒரு பாடகி அம்மாவின் படத்தில் அவர் குனிந்து நின்றார். "அன்புத் தம்பிக்கு" என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்சம் ஒதுக்கமாகக் கூட்டிப்போனார்.

"தப்பா நெனைக்காதீங்க. இது யாரு வாங்கிக் குடுத்தது?"

"எங்கண்ணன்தான் சார். துபாய்ல நேர்ல வாங்குனது."

அவர் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இந்தம்மா கூட நான் இருபது வருஷம் வாசிச்சிருக்கேன். அவங்களுக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுத வராது. பாட்டையே அவங்க பாஷையிலதான் எழுதி வச்சுப் பாடுவாங்க" என்றார்.

அவர் போன பிறகு நான் அந்த மேசைக்குத் திரும்பினேன். பதினொரு படங்களையும் உறையிலிருந்து எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். "தம்பிக்கு" என்ற வார்த்தை ஒன்பதில் இருந்தது. ஒன்பதிலும் கடைசி எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. அந்த வாலை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் தன் மனைவிக்கு, என் மதினிக்கு, எழுதிய லெட்டர் கவர்களில், அவனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டில், எங்கள் வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதிய பால் கணக்கில், எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். என் தொழிலே கையெழுத்துப் பார்க்கிற தொழில். வில்லங்கம் உள்ள பத்திரத்தில் கையெழுத்து மாறியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இது பன்னிரண்டு வருஷமாக என் கண்ணில் படவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லி இரண்டாம் நாளே கண்காட்சியை மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் போன் வந்தது. ஸலாம் சொன்னான். நான் பதில் ஸலாம் சொல்லாமல் நேராகக் கேட்டேன்.

"அந்தப் பாட்டுக்கார அம்மா படத்துல கையெழுத்து யாரு போட்டது?"

"ஏன்டா?"

"அவுகளுக்குத் தமிழே எழுத வராதாம்."

"அப்படியா? அது எனக்குத் தெரியாதே" என்றான்.

அவன் அதைச் சொன்ன விதம் இப்போதும் காதில் இருக்கிறது. ஏமாற்றியவன் மாட்டிக்கொண்டு பேசுகிற மாதிரியே இல்லை. அந்த அம்மாவைப் பற்றி ஒரு புதுச் சேதி கேட்டவன் மாதிரி இருந்தது. அன்று எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

"பதினொண்ணுமா?" என்றேன். "டவுனே வந்து பாத்துச்சு. பேப்பர்ல போட ஆள் வந்தான். நான் நாள் முழுக்கக் கையெழுத்துக்கு முன்னால உக்காந்திருக்கிறவன். என்னைய இப்படிக் கள்ளக் கையெழுத்துக்காரனா ஆக்கிட்டியே அண்ணே!"

"தப்புதான் தம்பி" என்றான்.

"இனிமே எனக்கு ஒண்ணும் அனுப்பாத."

"சரிடா" என்றான். வேறு ஏதாவது சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பதினொரு படங்களையும் ஒரு பெரிய கவரில் போட்டு, அட்டைத் துண்டு வைக்காமல், அவன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் விலாசத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். உள்ளே ஒரு சீட்டு. "இது எனக்கு வேண்டாம்." தபால் ஆபீஸிலிருந்து வெளியே வந்தபோது நியாயத்தைச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அதன்பிறகும் வெள்ளிக்கிழமை போன் வரும். உடம்பு எப்படி, மழை உண்டா, தன் மகள் படிக்கிறாளா என்று கேட்பான். நான் கேட்டதற்குப் பதில் சொல்லுவேன். ஒரு தடவை ஒன்றரை மாத லீவில் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு லேசாக வளைந்திருந்தது. ஆல்பம் வைத்திருக்கிற பீரோ உள்ள அறைக்குள் அவன் வரவே மாட்டான். ஒருநாள் மத்தியானம் நான் ஒரு மிருதங்கக்காரர் அனுப்பிய படத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது நிலையில் கைவைத்து நின்றான்.

"இப்பவும் சேக்குறியா?"

"ஆமா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். "வா, பாரு" என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

திரும்பிப் போகிற அன்று மதுரை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூடப் போனேன். காரியாபட்டியில் காரை நிறுத்தி டீ குடித்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"உனக்கு இன்னும் கோவமாடா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். ஒண்ணுமில்ல என்று சொல்லுகிற விதத்திலேயே கோபம் இருக்கிறது என்று காட்ட முடியும். நான் அப்படித்தான் சொன்னேன். அவன் தலையாட்டினான். நான் அவனைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

பதினேழு மாதம் கழித்து, ஒரு காலை, திருச்சுழி பஸ் புறப்படப் போகிற நேரம் போன் வந்தது. அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர், கமுதிப் பக்கத்துக்காரர். விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனாராம். எழுந்திருக்கவில்லையாம். தூக்கத்திலேயே மவுத்தாகியிருந்தான். ஐம்பத்து மூன்று வயது. நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கண்டக்டர், "என்ன சார், எதையும் மறந்துட்டீகளா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று அவன் கம்பெனியில் கேட்டார்கள். மதினி யோசிக்கவே இல்லை. "ஐஸ்ல வச்சு அவுகளைக் காக்க வைக்காதீக தம்பி. வேலை பாத்த களைப்பு. சீக்கிரம் அடக்கிரச் சொல்லுங்க" என்றார். அதற்குக் குடும்பத்தாரிடமிருந்து எழுத்து வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் எழுத்து என்றால் நான்தான். "என் கணவரை அங்கேயே நல்லடக்கம் செய்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை" என்று என் கையால் எழுதினேன். ஆயிரக்கணக்கான பத்திரங்களில் எழுதிய அதே வார்த்தைகள். மதினி கையெழுத்துப் போட்டார். பேரின் பாதியில் நிறுத்தி, பேனாவைத் தூக்கி, மறுபடி வைத்து முடித்தார். சாட்சியாக நான் கீழே போட்டேன். அதைப் போனில் படம் பிடித்து முதலில் அனுப்பினோம். மறுநாள் மத்தியானம் அடக்கம் முடிந்தது.

கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவை மதினி முடித்து இரண்டு மாதம் ஆனபிறகு, அந்தக் கமுதிக்காரர் லீவில் வந்தார். அண்ணனின் துணிகள், கைக்கடிகாரம், தொப்பி எல்லாம் ஒரு பையில் கொண்டுவந்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தவர், என்னைப் பார்த்து, "நீங்கதான கையெழுத்துச் சேக்குற தம்பி?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மொதத் தடவை கச்சேரிக்குப் போனப்ப உங்கண்ணனை உள்ள விடல. வேலை முடிஞ்சு அப்படியே போனாரு, கேம்ப் யூனிபார்மோட. கேட்ல இருந்தவன் தள்ளிவிட்டுட்டான். ஆனா இவரு திரும்பி வரல. கார் நிறுத்துற எடத்துல ஸ்பீக்கர் சத்தம் நல்லாக் கேக்கும். கடைசி வரைக்கும் நின்னு கேட்டாரு. பாடகர் கார் வெளிய வந்தப்ப படத்தையும் பேனாவையும் நீட்டிக்கிட்டு ஓடுனாரு. கண்ணாடி எறங்கல."

ஒவ்வொரு தடவையும் அதேதான் நடந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு கச்சேரி. இரண்டு பஸ் மாறிப் போவானாம். படத்தைக் கடையில் வாங்கிக்கொண்டு போவானாம். கார் நிறுத்துகிற இடத்தில் நின்று முழுக் கச்சேரியையும் கேட்பானாம். திரும்பி வந்தபிறகு கட்டிலில் உட்கார்ந்து, பத்திரிகையில் வந்த கையெழுத்தைப் பார்த்துச் சிமெண்டுப் பை காகிதத்தில் எழுதிப் பழகுவானாம்.

"நாங்க கேலி பண்ணுவோம். 'தம்பி காத்துக்கிட்டு இருப்பான்லே'ன்னு சொல்லுவாரு."

அப்படியென்றால் அண்ணன் போனில் சொன்ன பாட்டு வரிசை, கைதட்டல், மக்கர் பண்ணிய மைக் எல்லாம் உண்மை. அவன் கேட்டிருக்கிறான். பார்த்ததுதான் இல்லை.

நான் அனுப்பிய கவரைப் பற்றிக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். "வந்துச்சு. அவரு பிரிக்கல. தலகாணிக்கு அடியில வச்சிருந்தாரு. அப்புறம் எங்களைக் கேம்ப் மாத்துனாங்க. அதுல எங்கயோ போயிருச்சு" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஆனா ஒண்ணு நெசம் தம்பி. டோலக் வாசிக்கிற ஒருத்தரு மட்டும் நெசமாவே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அன்னிக்கு உங்கண்ணன் தரையில நிக்கல. ரூம்ல ஒருத்தர் விடாம எழுப்பிக் காட்டுனாரு" என்றார்.

அப்படி ஒன்று வந்தது உண்மைதான். பாஸ்போர்ட் அளவுப் படம். விசாவுக்கு எடுத்தது மாதிரி நீலத் துணிக்கு முன்னால் ஒரு மீசைக்காரர். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு கோணல் கையெழுத்து. அந்த வாரம் போனில், "இவரு யாருண்ணே? பேரே கேள்விப்பட்டதில்லையே" என்று சொன்னேன். ஆல்பத்தில் ஒட்டவில்லை, அந்தப் பதினொன்றில் அதைக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. அதனால்தான் நான் திருப்பி அனுப்பிய கவரில் அது இல்லை. பீரோவைக் கலைத்துப் போட்டுத் தேடினேன். கடைசித் தட்டில், பழைய ரேஷன் கார்டுகள் இருந்த உறைக்குள் கிடந்தது.

அந்த டோலக்காரரைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. மதுரையில் ஒரு கச்சேரிக் குழுவில் விசாரித்து, அவர்கள் இன்னொருவரைச் சொல்லி, கடைசியில் காரியாபட்டியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம் என்று தெரிந்தது. மினி பஸ்ஸில் போய் இறங்கி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். அவர் வீட்டு முன் வேப்பமரத்தடியில் பனியனோடு உட்கார்ந்து டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். மீசை வெளுத்திருந்தது. கோயில் கொடை, கல்யாணம் என்று இப்போதும் வாசிக்கப் போகிறார். முந்தின நாள்தான் விருதுநகரில் வாசித்துவிட்டு வந்தாராம்.

படத்தைக் கொடுத்தேன். முன்பக்கம் பார்த்துச் சிரித்தார். பின்பக்கம் திருப்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

சொன்னேன்.

"முப்பத்தஞ்சு வருஷமா வாசிக்கிறேன்" என்றார். "என்கிட்டக் கையெழுத்துக் கேட்ட ஒரே ஆளு அவருதாங்க. எப்படி மறப்பேன்? சாமானை வண்டியில ஏத்திக்கிட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்னாரு. நான் பாடகரு இல்லப்பா, டோலக் வாசிக்கிறவன்னேன். 'தெரியும். நாலாவது பாட்டுல நடுவுல எல்லாரும் நிறுத்திட்டாக, நீங்க மட்டும் கொஞ்ச நேரம் வாசிச்சீகளே'ன்னாரு. மேடையில நின்ன எங்க ஆளுகளே அதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. குடுக்கிறதுக்குப் படம் இல்ல. மணிபர்ஸ்ல விசாவுக்கு எடுத்த ஒண்ணு மிச்சம் இருந்துச்சு."

அவருடைய சம்சாரம் குடிக்கக் கலர் வாங்கிவந்து கொடுத்தார். டோலக்காரர் படத்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

"'இதைப் பாத்தா என் தம்பிக்குத் தலைகால் புரியாது'ன்னாரு. சந்தோஷப்பட்டீங்களா சார்?"

"ரொம்ப" என்றேன். "அன்னிக்குப் பூராம் கையிலேயே வச்சிருந்தேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சம்சாரத்தைக் கூப்பிட்டு, "கேட்டியா?" என்றார். நான் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்தேன். மினி பஸ் வருகிறவரைக்கும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். அதைப் பார்க்க ஆடுகளைத் தவிர அங்கே யாருமில்லை.

வீட்டுக்கு வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் நான் பேசியது, கவர் அனுப்பியது எல்லாம். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பேசும்போது சில நாள் காலு கடுக்குதும்பாக. லீவு நாள்ல எதுக்குக் கடுக்குதுன்னு கேப்பேன். சும்மாதாம்பாக" என்றார்.

கையிலிருந்த கட்டை ஆய்ந்து முடித்துவிட்டு, "லீவுல வந்திருந்தாகளே தம்பி. நாப்பத்தஞ்சு நாள் இருந்தாக. அப்பவாவது ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, கீரைத் தண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்றுவரை அவர் அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை. எப்போதும்போல எனக்குச் சோறு போடுகிறார், மருந்து சாப்பிட்டீகளா என்று கேட்கிறார்.

நான் யாருக்கும் லெட்டர் போடுவதை நிறுத்திவிட்டேன். வேண்டாம் என்று முடிவெடுத்து நிறுத்தவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வயலின்காரர் தந்த தாளை அவர் மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் அதற்குள் காலமாகியிருந்தார். மற்றவை பீரோவில் இருக்கின்றன.

போன வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை வேலை பார்க்கிற துபாய்க்கே போனாள். அவள்தான் விசா எடுத்து என்னைக் கூப்பிட்டாள். மதினி வர மறுத்துவிட்டார். கமுதிக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை என்னை அடக்கஸ்தலத்துக்குக் கூட்டிப்போனார். ஊர் மையவாடியில் இருக்கிற மாதிரி மரம், நிழல் எதுவுமில்லை. கண்ணுக்கெட்டின தூரம்வரை மணல்மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல், அதில் வெறும் நம்பர் மட்டும். பேர் எழுதுவதில்லை.

அவர் நம்பரை ஒரு சீட்டில் குறித்து வைத்திருந்தார். வெயிலில் வரிசை வரிசையாக நடந்தோம். அந்த இடத்துக்கு வந்தபோது கல்லில் கடைசி எண் மணலடித்துத் தேய்ந்திருந்தது. ஐந்தா, ஆறா என்று தெரியவில்லை. பக்கத்துக் கல்லிலும் அப்படித்தான். அவர் இரண்டுக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு நான்தான் மண்ணு தள்ளுனேன். இப்பப் பாத்தா ரெண்டும் ஒண்ணுபோல இருக்கே தம்பி" என்றார்.

"பரவாயில்ல, விடுங்க" என்றேன்.

இரண்டு மேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். மணல் சுட்டது. ஒருவர் என் அண்ணன். மற்றவர் யாரோ, எந்த ஊரோ. இருவருக்குமாக யாசீன் ஓதி, கையேந்தி துஆச் செய்தேன். அண்ணனிடம் சொல்ல நினைத்திருந்ததை வாய்விட்டே சொன்னேன். பிறகு கமுதிக்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தோம்.